நனைந்த சாக்கும் அணுவை அடுக்கும் இயந்திரமும்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், நுண்ணோக்கி இருக்கும் மேசைக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் சணல் சாக்கு ஒன்று தொங்குகிறது. அதை மாட்டியவர் என் அக்காவின் கணவர். அத்தானுக்குக் கோவில்பட்டிக்கு வெளியே கழுகுமலைச் சாலையில் சின்னத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. தீக்குச்சிக்கு மருந்து முக்கும் அறை வாசலில், பற்றினால் அணைக்க ஓர் ஈரச் சாக்கு இல்லாமல் அங்கே யாரும் வேலையைத் தொடங்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். புது மிக்ஸி வாங்கிய அன்றுகூடச் சாக்கை நனைத்துப் பக்கத்தில் போட்ட பிறகுதான் சுவிட்சைத் தொடவிட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்டவர் கையைத்தான் நெருப்பு பிடித்தது. ஒரு சித்திரை மதியம் மருந்து அறை பற்றிக்கொண்டபோது, உள்ளே இருந்த பெண்களை வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தார். உயிர் பிழைத்தது. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளங்கைப் பக்கம் சுருண்டுவிட்டன. இடது கையால் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை, அக்கா ஊட்டினாள். விசேஷ வீடுகளில் பந்தி தொடங்குமுன்பே “வாரேன்” என்று நழுவிவிடுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். சம்பந்தியோடு பந்தியில் உட்கார்ந்து தன் கையாலேயே சோறு பிசைந்து சாப்பிட வேண்டும், வேறு ஆசையே அவருக்கு இல்லை.

ஆபரேஷன் செய்து விரல்களைப் பிரிக்கலாம், தள்ளிப்போட்டால் உள்ளே எல்லாம் இறுகிவிடும் என்று மதுரை டாக்டர் சொன்னார். அத்தான் தள்ளித்தான் போட்டார். காரணம், செல்போனில் பார்த்த வீடியோக்கள். அணுவை அணுவாக அடுக்கி எதையும் கட்டுகிற இயந்திரம் வரப்போகிறதாம். கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தத்துக்குள் நுழைந்து உடம்பை உள்ளிருந்தே சரிசெய்யுமாம். நான் அந்தத் துறையில் பாடம் நடத்துகிறவள் ஆயிற்றே, கேள்வி என்னிடம் வரும்.

“ஏட்டி, அந்த மெஷின் வந்துட்டா?”

“வரல அத்தான். நம்ம காலத்துல வராது. ஆபரேஷனுக்குப் போங்க.”

“நீ ஒருத்திதான் வராதுங்குத.”

வருஷக்கணக்கில் இதே பேச்சு. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கடைசியில் ஆய்வகத்துக்கே வரச் சொன்னேன். வந்தார், கக்கத்தில் ஈரச் சாக்கோடு. மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை.

கணினித் திரையில் கிராஃபைட்டின் அணுக்கள் வரிசையாகத் தெரிந்தன. அந்தக் கனவு முழுப் பொய்யல்ல என்றேன். நம் உடம்பின் செல்களே மூலக்கூறுகளைக் கோத்துத்தான் தசையைக் கட்டுகின்றன. மனிதருக்கும் அது கைகூடினால், கழிவே இல்லாமல் மருந்தும் துணியும் செய்யலாம். ஆனால் மழைக்குப் பிறகு கரிசலில் நடந்தவன் காலில் மண் அப்புவது போல, எடுக்கிற கருவியிலேயே அணு ஒட்டிக்கொள்ளும். சாதாரண அறைச் சூட்டிலேயே அணுவெல்லாம் நடுங்கிக்கொண்டே இருக்கும். பெரிய ஆய்வகங்களில் கடுங்குளிரில், காற்றில்லாத அறைக்குள், ஒன்றிரண்டு அணுக்களை நகர்த்துகிறார்கள். அந்த வேகத்தில் ஒரு தீக்குச்சியின் தலையைக் கட்டவே பல தலைமுறை போதாது. அதனால் தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துகொள்ளும் இயந்திரம் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும் என்றேன்.

அத்தான் முகம் மாறிவிட்டது. “நிறுத்து புள்ள. ஒண்ணு ரெண்டாவுதுன்னா அது தீ மாதிரில்லா? எதை வச்சு அணைப்பாவ?”

மூடிய பெட்டிக்குள், தனித் தீனி கொடுத்தால் மட்டும் ஓடும்படி செய்யலாம். தானே பெருகாதபடியும் வடிவமைக்கலாம் என்றேன். அது கிளம்பி ஊரையே விழுங்கிவிடும் என்பது மிகைப்பட்ட பயம். யார் கையில் அது இருக்கும், என்ன ஆயுதம் செய்வார்கள் என்பதுதான் என் கவலை என்றும் சொன்னேன்.

“செய்யலாம் செய்யலாம்ங்குத. செஞ்சிருக்காவளா?”

“முதல் மெஷினே இல்லையே அத்தான்.”

“அணைக்க வழி தெரியாததை என் ரத்தத்துக்குள்ள விடமாட்டேன் தாயி.” எழுந்து சாக்கை ஆணியில் மாட்டினார். “என்னைக்காவது வந்துட்டுன்னா, முதல்ல இதை நனை.”

அடுத்த வாரமே மதுரைக்குப் போனார். அதற்குள் கை இறுகிப்போயிருந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிரிந்தன. மகள் கல்யாணப் பந்தியில் அந்த இரண்டு விரலால் பாதி இலையிலும் பாதி வேட்டியிலுமாகச் சாப்பிட்டார். சம்பந்தி சாப்பிட்டு முடித்தும் எழாமல் அவருக்காக உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. வராத ஒன்றுக்காக மூன்று விரலைத் தொலைத்தாரே என்று ஆத்திரமும் வந்தது.

போன தை மாதம் அத்தான் போய்விட்டார். இன்று காலை என் ஆய்வு மாணவி ஓடிவந்தாள். அவள் கணினிக்குள் கட்டிய மூலக்கூறுக் கருவி, தன்னைப் போலவே இன்னொன்றைக் கட்டி முடித்துவிட்டதாம். கணக்கில்தான், நிஜத்தில் இல்லை. இப்படி எத்தனையோ கேட்டாயிற்று, சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. இருந்தும் கை தன்னால் போனை எடுத்தது. எடுத்த பிறகுதான் யாரைக் கூப்பிடப் போகிறேன் என்று உறைத்தது.

“சரிம்மா, அதை எப்படி நிறுத்துவ?” என்றேன்.

“அதை இன்னும் யோசிக்கல மேடம்” என்றாள்.

சாக்கு காய்ந்து விறைத்திருந்தது, மடிப்பெல்லாம் கரிசல் புழுதி. ஆணியிலிருந்து கழற்றிக் குழாயடிக்குக் கொண்டுபோனேன்.