சாயம் குடிக்கும் உருண்டைகள்

அக்கா சிரிஞ்சில் கறுப்புக் கூழை நிரப்பி, கால்சியம் உப்புக் கரைசலுக்கு மேலே பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். விழுந்த சொட்டு மிளகு போல உருண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் யார் பேச்சுக் கொடுத்தாலும் "ம்" மட்டும்தான் பதில். அந்த "ம்"மின் நீளத்தை வைத்துக் கோபத்தை அளந்துகொள்ளலாம்.

சாயப்பட்டறைக்கு அவர்தான் வேதியியல் நிபுணர். முதலாளி அவருடைய தம்பி. ஆள் என்னவோ குச்சி. பெயர் மட்டும் உருண்டையக்கா.

கூழில் கரித்தூள், களிமண், கடற்பாசிப் பிசின். ஏன் மூன்று என்று கேட்டால், "கரி சாயத்தைப் பிடிச்சா விடாது, ஆனா ஒரு இடத்துல நிக்காது. களிமண் நிக்கும், தண்ணியப் போக விடாது. பிசின்தான் மாமியார். ரெண்டையும் ஒரே வீட்ல வாழ வைக்குது" என்பார்.

கழிவுநீரில் சாயம் போகிறதென்று சென்ற மாதம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் பட்டறையின் சாயக் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். புதன்கிழமை அதிகாரியம்மா வருவதாக ஏற்பாடு. அக்காவின் உருண்டைகளுக்குள் புகுந்து சாயத் தண்ணீர் தெளிந்து வந்தால் திறப்பு. இல்லையென்றால் பூட்டு பூட்டுத்தான்.

தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒத்தாசை செய்வதாக நினைத்து, அக்கா தண்ணீரில் போட்டு வைத்திருந்த உருண்டைகளை அள்ளி, நூல் உலர்த்தும் சூட்டறையில் பரப்பிவிட்டான். நூல்காரன் புத்தி, ஈரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. காலையில் பார்த்தால் எல்லாம் சுண்டிக் கல்லாகிக் கிடந்தன.

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுல்ல, அக்கா?"

"கடுகுக்குப் போகாது. இதுல இருக்கற துளையெல்லாம் மூடிக்கிச்சு. இனிமே சாயம் எங்கடா போய் உக்காரும், உன் தலையிலயா?"

திட்டு அதோடு சரி. புதிதாகக் கூழ் கரைத்து, தம்பி கையிலும் ஒரு சிரிஞ்சைக் கொடுத்தார். அவன் விட்ட சொட்டெல்லாம் வால் முளைத்து விழுந்தன.

"என்னடா, தலைப்பிரட்டை வளக்கறியா?"

"எடுத்துப் போட்டுடவா?"

"இருக்கட்டும். அதுவும் சாயம் குடிக்கும்."

புதன்கிழமை, உருண்டைகள் நிரப்பிய நெட்டைக் குழாயில் மேலேயிருந்து ஊதாத் தண்ணீரை விட்டார்கள். கீழே அதிகாரியம்மா குப்பியோடு காத்திருந்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதைப் பார்க்கத் துணிச்சலில்லாமல் தம்பி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குப்பி நிறைந்ததும் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். விழுகிற தண்ணீரில் நீட்டி, இரண்டு பக்கமும் நிதானமாக அலசினார். துடைக்காமல் அப்படியே மாட்டிக்கொண்டு, ஊதா துளிகூட ஒட்டாத கண்ணாடி வழியே தம்பியைப் பார்த்தார்.