தவில்காரர் எங்கள் வீட்டில் தங்கிய கோடை

எங்கள் ஊர்க் கோடைக் கச்சேரிக்கு இப்போது திருப்பதியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு ஆள் வருகிறது. மே மாதம் பிறந்துவிட்டால் பிச்சாட்டூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டுதான் இறங்குவார்கள். பதினைந்து நாள், இரண்டு மேடை, காலையில் சின்னப் பிள்ளைகள், சாயங்காலம் பெரிய வித்வான்கள். இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு யார் யாரோ காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என்னைக் கேட்டால் எங்கள் அம்மாதான் காரணம் என்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை அது. முன்பெல்லாம் கச்சேரி மூன்றே நாள். ராமர் கோயில் பந்தலில் ஒரு பஜனை, ஒரு ஹரிகதை, கடைசி நாள் நாகஸ்வரம், அவ்வளவுதான். அப்புறம் கும்மிடிப்பூண்டியிலும் நாயுடுபேட்டையிலும் கம்பெனிகள் வந்தன. ஊர்ப் பையன்கள் பேண்ட் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வருஷம் முழுக்க மெஷின் சத்தத்தில் கிடந்துவிட்டு லீவில் வருகிறவர்களுக்கு மூன்று நாள் பாட்டு எந்த மூலைக்கு? இந்தக் கம்பெனிப் பையன்கள் செலவில் ஒரு நாள், அந்தக் கம்பெனிப் பையன்கள் செலவில் ஒரு நாள் என்று போட்டி போட்டு ஏற்றி, அந்த வருஷம் பத்து நாளாக்கிவிட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல். எங்கள் ஊரில் லாட்ஜ் கிடையாது. வருகிற வித்வான்களை வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். யாருக்கு எந்த வீடு என்று கச்சேரிக் கமிட்டி பிரசிடெண்ட் லிஸ்ட் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுவார். அவர் பெரிய தெருக்காரர். லிஸ்டில் இருப்பதெல்லாம் பெரிய தெரு வீடுகள். கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் தெருவுக்கு ஒரு ஜால்ராக்காரர்கூட வந்ததில்லை. தாத்தா காலம் வரைக்கும் பெரிய தெருக்காரர்களின் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள் நாங்கள். அப்பா, எங்கள் பேச்சில் நைனா, தலையெடுத்த பிறகுதான் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வந்து வேர்க்கடலை போட ஆரம்பித்தோம்.

பத்து நாளைக்கு வருகிற கூட்டத்துக்குப் பெரிய தெரு போதவில்லை. கும்மிடிப்பூண்டியில் பெயிண்ட் கம்பெனியில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, கமிட்டியில் எழுந்து நின்று, "எங்க தெருவுல கீறதெல்லாம் வூடு இல்லியா?" என்று கேட்டுவிட்டார். பிரசிடெண்ட் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, லிஸ்டின் கடைசியில் எங்கள் வீட்டை எழுதினார்.

எனக்குப் பட்டுப்புடவை கட்டிய பாட்டுக்காரம்மா வருவார் என்று ஆசை. வந்தவர் வடமாலபேட்டைத் தவில்காரர். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, உடம்பை ஒருக்களித்துத்தான் உள்ளே வர முடிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தெருவுக்கோ தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டிலிருந்து டேபிள் ஃபேன் வந்தது, அடுத்த வீட்டிலிருந்து நாற்காலி வந்தது, யாரோ புது ஜமுக்காளம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

பெரிய தெருவில் போடுகிற மாதிரியே போட வேண்டும் என்று அம்மா சாம்பார், கூட்டு, வடை, பாயசம் என்று காலையிலிருந்து அடுப்படியிலேயே கிடந்தாள். எங்கள் வீட்டில் சாம்பார் பொங்கலுக்குப் பொங்கல் வைப்பது. பருப்பு வேகவில்லை, புளி தூக்கல், வடையை எறிந்தால் நாய் ஓடும். தவில்காரர் இலையைப் பார்த்து "பேஷ்" என்றார். ஆனால் பாவம், சோற்றைப் பிசைந்துகொண்டேதான் இருந்தார். அம்மா கதவோரம் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு மூலையில் என் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ இன்னா துன்ற?"

விருந்தாளியிடம் எதைச் சொல்லக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "களி, வேர்க்கடலச் சட்னி. எங்க எல்லாருக்கும் அதான். உங்களுக்கு மட்டும்தான் இதெல்லாம்!" என்று கணீரென்று சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட, சங்கட்டியா!" என்றார் அவர். அவர் ஊரில் களிக்கு அதுதான் பெயர். "மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? எடுத்துக்கினு வா, வா!"

ஒரு உருண்டை போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றாவதுக்குச் சட்னிக் கிண்ணத்தையே வழித்துவிட்டார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிரசிடெண்ட் குடையோடு வந்து தெருவில் நின்றார். பெரிய தெருவில் ஒரு வீட்டுக்கு வர வேண்டிய வயலின்காரர் வரவில்லையாம், மாடி அறை சும்மா கிடக்கிறதாம். "வித்வானுக்கு அங்க வசதியா இருக்கும். பைய எடுத்துக்கினு வரச் சொல்லுப்பா," என்று வாசலில் நின்றிருந்த மாமாவிடம் சொன்னார்.

அம்மா முகம் செத்துப்போயிற்று. "இவர இட்டுக்கினு போய்ட்டாங்கன்னா இனிமே எந்தக் காலத்துலயும் நம்ம தெருவ எழுத மாட்டாங்கடா," என்றாள் மாமாவிடம், மெதுவாக. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நைனா தரையைப் பார்த்தார். நியாயம் பேசப் போய் விருந்தாளி எதிரில் சண்டையாகிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும்.

தவில்காரர் எச்சில் கையோடு எழுந்துவந்து, குனிந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "பிரசிடெண்ட் சார், எல இன்னும் எடுக்கல. பாதிச் சாப்பாட்டுல எழுப்புனா எனக்கு இன்னா மரியாத, இந்தம்மாவுக்கு இன்னா மரியாத? பத்து நாளும் நான் இங்கதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெயில்ல நின்னுக்கினு கீறீங்களே, உள்ள வந்து ஒக்காருங்க. பாப்பா, சாருக்குத் தண்ணி எடுத்துக்கினு வா," என்றார்.

ஓடினேன். அவசரத்தில் கையில் கிடைத்தது ஓரம் நசுங்கிய என் டம்ளர். பானையில் மொண்டு கொண்டுவந்து நீட்டினேன். பிரசிடெண்ட் டம்ளரைப் பார்த்தார். தவில்காரரைப் பார்த்தார். அம்மாவையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குடு பாப்பா," என்றார். அம்மா என் கையைப் பிடித்தாள் பாருங்கள், அப்பப்பா, நகம் பதிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தவில்காரர் வாசித்த வாசிப்பில் பந்தல் காலெல்லாம் அதிர்ந்தது. எல்லாம் எங்கள் வீட்டுக் களி தந்த தெம்பு என்று தெருவே சொல்லிச் சொல்லிப் பூரித்தது. அடுத்த வருஷம் லிஸ்டில் எங்கள் தெருவில் ஏழு வீடு. தங்க வீடு கிடைத்ததும் வித்வான்கள் கூடினார்கள், நாளும் கூடியது. இன்றைக்குப் பதினைந்து நாள் நடக்கிறதென்றால் இரண்டு தெருவிலும் வித்வான்களுக்குச் சாப்பாட்டு இலை விழுவதால்தான். இதை எந்த மேடையில் ஏறியும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அன்றைக்கு எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நசுங்கின டம்ளரில் கொடுத்து மானத்தை வாங்கிவிட்டேன் என்றுதான் அம்மா கிள்ளிவிட்டாள் என நினைத்தேன். கோபத்தில் கச்சேரியில் அவள் பக்கத்தில்கூட உட்காரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிள்ளு வாங்கியவள் நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு மேலும் ஆத்திரம். பெரிய தெருவிலிருந்து ஒருவர் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்தது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தெரிவதற்குப் பத்து வருஷம் ஆயிற்று.