யார் கை தூக்கினாலும்

ஆம்பூரில் இன்றைக்கும் பலருக்கு நான் கப்பலில் உலகம் சுற்றியவன். பழைய கப்பல் கட்டும் தளம் ஒன்றில் கிரேன் ஓட்டியவனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்வது? உண்மையில் நான் கட்டி முடித்த எந்தக் கப்பலிலும் கால் வைத்ததில்லை. காலையில் இரும்பு ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவேன். சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு காலி பாட்டிலும் கூடவே ஏறும். அது எதற்கு என்று மாமியார் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கப்பல் தளத்தில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு என்று சைகை காட்ட ஒரே ஆள்தான். ஆனால் நிறுத்து என்று யார் கை தூக்கினாலும் நிறுத்தியாக வேண்டும், டீ கொண்டுவருபவராக இருந்தாலும் சரி.

ஊர் திரும்பி ஒரு டேனரியில் கிரேன் ஓட்டச் சேர்ந்தேன். இங்கே முழு ஜனநாயகம். தோல் பதனிடும் பெரிய மர டிரம்மைத் தூக்கி பேரிங்கில் உட்கார வைக்க வேண்டும். முதலாளி, மேனேஜர், கணக்கர், வாட்ச்மேன் என்று ஆளாளுக்குச் சைகை காட்டினார்கள். நான் முதலாளியின் கையை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். சம்பளம் தருகிற கை அல்லவா. டிரம்முக்கு அந்தப் பக்கம் ஃபிட்டராக நின்றவன் என் மச்சான், மனைவியின் தம்பி. டிரம் மறைத்ததில் அவன் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதலாளி இறக்கச் சொன்னார். ஒரு சாண்தான் பாக்கி. ஓரமாகத் தோல் கழிவு அள்ளிக்கொண்டிருந்த வயதான அம்மா கையைத் தூக்கினார். நிறுத்திவிட்டேன்.

முதலாளிக்கு வந்ததே கோபம். "இன்னாய்யா, குப்ப அள்றவ கை தூக்குனா நிறுத்திடுவியா? இங்க முதலாளி நானா, அவளா?" என்று இரண்டு கைகளையும் விரித்து என் முன்னால் ஆட்டினார். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் அவசர நிறுத்தம். எந்த முதலாளிக்கும் நான் அந்த அளவுக்குக் கீழ்ப்படிந்ததில்லை. அசையவே இல்லை.

அதற்குள் மச்சான் டிரம்முக்குப் பின்னாலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். பேரிங்குக்குள் துணி விழுந்துவிட்டதாம், கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தானாம். கழிவு அள்ளிய அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. கண்ணில் வெயில் அடித்தது, மறைத்தேன் என்றார். எனக்குக் கிரேன் வண்டியிலிருந்து இறங்க வெகு நேரம் பிடித்தது.

நாளையிலிருந்து வேறு டிரைவர் என்று முதலாளி சொல்லிவிட்டார். மத்தியானம் மச்சான் சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"வெயிலுக்குக் கை தூக்குனதுக்கு வேலைய நிறுத்தி மானத்த வாங்கிட்டியே மாமா. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க போவேன்?" என்று கேட்டான், ஐந்து விரலாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே.