பஸ்ஸில் போன எருமை

பர் துபாய் ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் வேல்ஸ் நாட்டுப் பெண், அன்று கூட அழைத்து வந்திருந்த, முகமெல்லாம் சாக்லேட் அப்பிய மகனை "மோஹின்!" என்று அதட்டினாள். வேல்ஷ் மொழியில் அதற்குப் பன்றி என்று அர்த்தமாம். அதன் உறவு மொழியான கார்னிஷிலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம்.

எனக்கு பஹ்ரைனில் நாங்கள் வளர்ந்த ஈசா டவுன் ஃபிளாட் ஞாபகம் வந்தது. தினமும் காலையில் அம்மா தம்பியை உலுக்குவாள்: "எரும, எந்திரிடா! ஸ்கூல் பஸ் போயிரும்!"

தமிழ் வகுப்பில் எருமையை வைத்து வாக்கியம் கேட்டார்கள். "எருமை பஸ்ஸைத் தவறவிட்டது" என்று எழுதினேன்.

"எரும எங்கயாவது பஸ்ல போகுமா?" என்று டீச்சர் சிவப்பு மையால் அடித்தார். வகுப்பே சிரித்தது. பஹ்ரைனில் வேறெந்த எருமையை நான் கண்டேன்? அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"உங்க மொழியில பன்றிக்கு என்ன?" என்று வேல்ஸ் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பன்னி" என்றேன்.

பையன் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டான். அந்தச் சொல்லை என் அம்மா அதட்டும் குரலில்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.