மேடை மேசையில் விரித்த ரேந்தை

தமிழ்நாடா கேரளமா என்று எல்லைப் போராட்டம் சூடாக நடந்த காலத்தில், பாறசாலைக்குப் பக்கத்தில் மிஷன் கோயிலை ஒட்டி, ரேந்தை என்று நாங்கள் சொல்லும் லேஸ் பின்னுகிற கூடத்தில் நான் வேலை பார்த்தேன். எனக்கு அப்போது இருபது வயது. என் பக்கத்தில் இருந்து பின்னிய அக்கா ஒரு விதவை. ரெண்டு பிள்ளைகளையும் அந்த நூலை வைத்துத்தான் வளர்த்தாள். ஊரில் ஒருத்தரும் எங்கள் வேலையைத் திரும்பிப் பார்த்தது கிடையாது.

தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர் ஊராய்ப் பேசி வந்த வக்கீல் ஒருநாள் கூடத்துக்கு வந்தார். பொதுக்கூட்ட மேசைக்கு விரிப்பு வேண்டுமாம். அக்கா விலை சொன்னதும் முகம் சுளித்தார்.

"கலைக்கு விலை பேசலாமா அம்மா? கூட்டம் முடிஞ்சதும் திருப்பித் தாறேன்."

விலை பேசாமல் அவர் ஒரு வழக்கும் எடுத்ததில்லை. இருந்தாலும் அக்கா கொடுத்தாள். அவள் நாலு மாதம் பின்னிய விரிப்பு அது.

சந்தை முக்கில் கூட்டம். நாங்களும் போனோம். வக்கீல் விரிப்பின் நுனியைத் தூக்கிக் காட்டி, "ஈராயிரம் ஆண்டுகளாக நம் தமிழ்ப் பெண்கள் காத்துவரும் கலை!" என்று முழங்கினார். யாரோ வெள்ளைக்கார மதாம்மா மிஷனில் சொல்லிக்கொடுத்த வேலை அது. போகட்டும், பேச்சுதானே என்று இருந்தேன். அடுத்ததாக, அதை அந்தப் பெண்களின் அன்பளிப்பாக, மேடையில் இருந்த வெளியூர்த் தலைவருக்கு வழங்குவதாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

அக்கா எழுந்து மேடைக்குப் போனாள்.

"வக்கீலய்யா, அது நாங்க தந்ததில்ல. நீங்க இரவல் வாங்கினதாக்கும்."

சோடாக் குப்பியை நகர்த்திவிட்டு விரிப்பை மடித்தாள். தலைவர் மரியாதையாகத் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருக்காவது விளங்கியிருந்தது.

"மலையாளத்தான் ஏவிவிட்ட ஆளு!" என்று எவனோ கத்தினான்.

"எலே, நானும் தமிழச்சிதான். அதுக்காகச் சும்மா பின்னித் தரணுமோ?"

அத்தனை வீரமும் ஒரு கூலிக் கேள்வியோடு அடங்கிவிட்டது.

மறுவாரம், கேரளத்தோடுதான் இருக்கவேண்டும் என்ற எதிர்க்கட்சிக்காரர் வந்தார். அதே பேச்சு, மலையாளத்தில். இது கேரளத்தின் கைத்தொழிலாம், அவர்கள் மேசைக்கும் ஒன்று வேண்டுமாம். அக்கா மலையாளத்திலேயே விலை சொன்னாள். அவருக்கும் மனசு புண்பட்டுவிட்டது. நாங்கள் கொடுத்த சாயாவை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அந்த விரிப்பு மிஷன் விற்க அனுப்பிய அடுத்த பெட்டியில் சீமைக்குப் போயிற்று. முகம் தெரியாத எவளோ ஒருத்தி, கலை என்று ஒரு வார்த்தை பேசாமல், கேட்ட காசைக் கொடுத்து வாங்கினாள். பிறகு எல்லை வகுத்தார்கள், நாங்கள் கேரளத்தில் ஆனோம். தோற்றவரும் ஜெயித்தவரும் அப்புறம் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.