பங்கு அக்காவின் மாத்திரை டப்பா

என் அக்காவுக்குத் தெருவே வைத்த பெயர் 'பங்கு அக்கா'. அவளுடைய தையல் கடையில் ஒரே ஒரு பழம் இருந்தாலும் கத்தியைத் தேடி நாலாக நறுக்குவாள். கொடுத்தே கெட்டவள்! திட்டினால் சிரிப்பாள்.

அத்தானுக்குக் கைகால் வலுவிழந்துகொண்டே போகும் நோய். சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது. அதற்குப் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்கா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

"செலவு மருந்துக் கம்பெனியோடது. ஆனா யாருக்குக் குணமாச்சுன்னு கணக்குப் பாக்கறது வெளியாளுங்க. எந்தக் கொம்பனும் அதுல கை வைக்க முடியாது" என்றார் டாக்டர், பெருமையாக.

மாத்திரை வாங்கிய வரிசையில் ஒருத்தி மகனை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். "இவனுக்கு மாவுதான்க்கா வந்திருக்கும். என் ராசி அப்படி."

அக்காவுக்குப் பொறுக்குமா? "அழாதடி. எல்லாரும் அவங்கவங்க மாத்திரையக் கொண்டாங்க" என்றாள். வாசலில் வைத்து அத்தனையையும் தன் சாப்பாட்டு டப்பாவில் கொட்டிக் கலக்கி, எல்லோருக்கும் சமமாகப் பிரித்தாள். மாதாமாதம் இதே கூத்து.

ஒருநாள் அத்தான் தட்டுத்தடுமாறி ஒரு பொத்தானைப் போட்டுவிட்டார். அன்று அக்கா அழுத அழுகை! அந்தப் பையனும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் சோதனையை நிறுத்திவிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லையாம். மருந்து வேலை செய்யவில்லையாம்.

அக்கா டாக்டர் அறைக்குள் பாய்ந்தாள். "பொய்! எங்க வீட்டுக்காரர் பொத்தான் போடறாரு!" என்றாள். பிறகு டப்பாக் கதையைச் சொன்னாள். டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கம்பெனிக்காரன்கூடத் தொட முடியாத கணக்குல நீங்க கை வெச்சிட்டீங்களேம்மா! ரெண்டு பக்கமும் ஒரே மருந்தச் சாப்ட்டா வித்தியாசம் எங்கேர்ந்து வரும்?"

"தப்பு என்னோடதுதான். மறுபடி ஆரம்பிங்க சார், கால்ல விழறேன்."

"கம்பெனி கையக் கழுவிடுச்சும்மா. மருந்து வேலை செஞ்சுதா இல்லையான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தது எது சார்?"

"இப்பத்தான் பட்டியலப் பிரிச்சுக் காட்டினாங்க. அவருக்கு மருந்துதான். எல்லா மாசமும்."

அக்கா இதை அத்தானிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், பாவி? அவருடைய விரல்கள் மறுபடி வலுவிழக்கத் தொடங்கிவிட்டன. நேற்று அவர் சட்டையின் பொத்தான்களைப் பிரித்தெடுத்துவிட்டு அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அந்தப் பையனின் அம்மா கடை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அவனால நிக்க முடியல. உங்க டப்பால ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இல்லடி" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

மிஷினுக்கு அடியில் அந்த டப்பாவில் கொஞ்சம் மாத்திரை இருந்தது எனக்குத் தெரியும்.