தென்னை விழப்போகும் தூரம்

விடுதி நண்பர்களே, ஊரிலிருந்து வந்ததும் இதைச் சுவரில் ஒட்டுகிறேன்.

இன்று சூலூரில் அத்தை வீட்டுத் தென்னையை வெட்டினார்கள். புதிதாகக் கரண்டுக் கம்பி வருகிறதாம்.

"ஏனுங்க மாப்ளே, சாஞ்சா மாட்டுக்கொட்டாய் மேல உழுந்துபோடுமுங்களா?" என்றார் மாமா.

கணக்குப் பாடத்தில் 45 டிகிரிக்கு டேஞ்சென்ட் = 1 என்று மனப்பாடம் செய்தவன் நான். அர்த்தம் தெரியாது.

வெயிலில் நின்று யோசித்தேன். என் நிழல் என் உயரத்துக்குச் சரியாக வந்தபோதுதான் உறைத்தது. சூரியன் 45 டிகிரியில் இருக்கிறது; உயரத்தை நிழலால் வகுத்தால் ஒன்று, அதுதான் டேஞ்சென்ட். இப்போது மரத்தின் நிழலும் அதன் உயரமேதான்!

நிழலை அளந்து, அதே நீளத்தை மரத்தடியிலிருந்து கொட்டகைப் பக்கம் அளந்தோம். கொட்டகையைத் தொட இன்னும் இரண்டு முழம் இருந்தது.

வெட்டச் சொன்னேன். கொட்டகை தப்பியது.

"நல்லா இருப்பே கண்ணு" என்று அத்தை அதே மரத்து இளநீரைக் கொடுத்தார்.

நான் திட்டித் தீர்த்த டேஞ்சென்ட்டே, மனதார நன்றி.

90 டிகிரிதான் இன்னும் விளங்கவில்லை; சூரியன் நேர் உச்சியில் இருந்தால் நிழலே இருக்காதே, எதால் வகுப்பது? என்னோடு உச்சிவெயிலில் நிற்க வருகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள்.